கரி தள்ளிய பாடகன்

லெனின்கிராடில் பிளாஹின் தெருவில் ஒரு கொதிகலன் அறை இருந்தது. நிலக்கரி எரித்துப் பக்கத்துக் கட்டடங்களுக்குச் சூடு அனுப்புகிற இடம். அதற்குக் 'கம்சாத்கா' என்று பட்டப்பெயர். கம்சாத்கா ருஷ்ய தேசத்தின் கிழக்குக் கோடி. பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சுக்கும் அங்கே அந்தப் பெயர்தான். 1986 முதல் இரண்டு வருஷம் போல அங்கே கரி தள்ளியவர்களில் ஒருவன் விக்டர் த்ஸோய். 'கீனோ' என்ற ராக் கோஷ்டியின் தலைமைப் பாடகன். கீனோ என்றால் சினிமா.

'அவன்' என்றுதான் எழுதுகிறேன். இருபத்தெட்டு வயசோடு நின்றுபோனவனை 'அவர்' என்று எழுதப் பேனா வரவில்லை.

ராக் சங்கீதம் என்றால் எனக்கு வெகு நாளாக ஓர் அலுப்பு உண்டு. கத்துகிறவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் கத்துகிறான் என்பது என் கட்சி. தம்பி பிள்ளை ஒரு நாள், "பெரியப்பா, இதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்" என்று த்ஸோயின் பாட்டு ஒன்றைப் போட்டான். ருஷ்ய பாஷை அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்னை உட்கார வைத்துவிட்டது. உசத்தியான குரல் என்று சொல்ல மாட்டேன். கனத்த குரல், தட்டையானது. மேலே ஏறாது, ஏற ஆசைப்படவும் இல்லை. ராத்திரி முறை முடிந்து வீடு திரும்பியவன் கையைக் கழுவிக்கொண்டே ஏதோ விஷயம் சொல்வது போலிருந்தது. பாட்டுகளின் அர்த்தத்தை அப்புறம்தான் ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன்.

1962 ஜூன் 21-ந் தேதி பிறந்தான். தகப்பனார் கொரிய வம்சத்தவர், எஞ்சினியர். தாயார் ருஷ்யர், தேகப்பயிற்சி ஆசிரியை. சித்திரப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு மரம் செதுக்கும் தொழில் கற்றான். பையனாக இருந்தபோது நண்பனோடு சேர்ந்து தொடங்கிய கோஷ்டிக்கு 'ஆறாம் நம்பர் வார்டு' என்று பெயர். செகாவைப் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும்: பைத்தியக்கார வார்டைப் பார்வையிட வந்த டாக்டரே அதே வார்டில் அடைபடுகிற கதை. 1983 கடைசியில், ஆப்கானிஸ்தான் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், கட்டாயப் பட்டாளத்துக்குத் தப்புவதற்காக த்ஸோயே மனநோய் ஆஸ்பத்திரியில் போய்ச் சில வாரங்கள் படுத்திருந்தான். நான் இதை நாவலில் எழுதியிருந்தால், பொருத்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்று விமரிசகர்கள் அடித்திருப்பார்கள். 1984-ல் வந்த பதிவில் மனசை அடக்குகிற மருந்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதில் வசவும் கிடையாது, அழுகையும் கிடையாது. மருந்து சாப்பிட்டவனுடைய நிதானம்தான் இருக்கிறது.

பாடகன் ஏன் கரி தள்ள வேண்டும்? சோவியத் சர்க்காரில், வேலை செய்யாதவனைச் 'சமூக ஒட்டுண்ணி' என்று தண்டிக்க 1961-ல் ஒரு சட்டம் வந்தது. அதே லெனின்கிராடில் 1964-ல் கவி பிராட்ஸ்கியைக் கூண்டில் ஏற்றி ஐந்து வருஷம் தண்டித்தது இந்தக் குற்றத்துக்காகத்தான். கவிதை எழுதுவது வேலையல்ல என்பது கோர்ட்டின் கட்சி. ஆகவே அந்த ஊர்க் கவிகளும் பாடகர்களும் காவற்காரர்களாகவும் தெருக்கூட்டிகளாகவும் கொதிகலன்காரர்களாகவும் பெயரைப் பதிந்துகொண்டார்கள். முறை வேலை, முறை முடிந்தால் பொழுது தன்னுடையது. பாட்டுகளைச் சர்க்கார் இசைத்தட்டாகப் போடவில்லை. டேப்பில் நகல் எடுத்து, அந்த நகலுக்கு நகல் எடுத்து, கைக்குக் கை போயின. 1986-ல் ஜோவன்னா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பெண் அந்த ஊர்க் கோஷ்டிகள் நாலின் பதிவுகளைக் கடத்திக்கொண்டு போய்த் தன் தேசத்தில் 'சிவப்பு அலை' என்று இசைத்தட்டு போட்டாள். அந்த நாலில் கீனோவும் ஒன்று.

நானும் பதினோரு வருஷம் ஒரு காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். பேரேட்டின் அடியில் காகிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எழுதுவேன். வேலையை விட்டால் எழுத்து பொங்கி வரும் என்று நம்பி ஒரு நாள் விட்டும் விட்டேன். பக்கங்கள் பொங்கித்தான் வந்தன. ஆனால் ஒளித்து எழுதிய அந்த இரண்டு சிறுகதைத் தொகுதிகளைத்தான் இன்றைக்கும் ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. த்ஸோயின் பாட்டுகளை வரிசையாகக் கேட்டபோது என் அரிப்பு இதுதான்: இவனுக்கும் அப்படி நேர்ந்ததா?

1982-ல் வந்த முதல் பதிவின் பெயர் '45'. அதில் வருகிறவர்கள் சின்ன மனிதர்கள். ஊர்ச்சுற்றி ஒருவன், புறநகர் ரயிலில், போக விருப்பமில்லாத இடத்துக்குக் குளிரில் நின்றுகொண்டே போகிற ஒருவன். ஏன் ஏறினான், யார் ஏற்றினார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. ரயில் போகிறது, அவ்வளவுதான். எனக்கு அது பூரணமான சிறுகதை. 1988-ல் வந்த 'ரத்த வகை' வேறு ஜாதி. தாளம் படை நடையாகிவிட்டது. நட்சத்திரம், யுத்தம், இரவு என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்துவிட்டன. அதே வருஷம் 'ஊசி' என்ற படத்தில் கதாநாயகனாக நடித்தான். கடைசியில் கத்திக்குத்து வாங்கி, பனியில் எழுந்து நடந்து போகிறான். 1990 ஜூன் 24-ல் மாஸ்கோ லூஷ்னிகி மைதானத்தில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் கச்சேரி. கரி தள்ளியவன் வீரனாகிவிட்டான்.

முந்தியதுதான் எனக்கு உசத்தி. இதைச் சொன்னதற்குத் தம்பி பிள்ளை என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "நீங்கள் சௌகரியமாக உட்கார்ந்து கேட்கிறீர்கள். அங்கே ஒரு தலைமுறைக்கு நிமிர்ந்து நிற்க அந்தப் பாட்டு வேண்டியிருந்தது" என்றான். அவன் பேச்சில் நியாயம் உண்டு. 'ரத்த வகை'யைத் திரும்பக் கேட்டேன். யுத்தத்துக்குப் போகிறவனுக்கு அதில் வெற்றியில் மோகம் இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பழைய ரயில் பிரயாணிதான், இப்போது பூட்ஸ் போட்டிருக்கிறான். என் தீர்ப்பைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியில் மாற்றமில்லை.

'மாற்றங்கள்' என்ற பாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். 1987-ல் சொலவியோவ் எடுத்த 'அஸ்ஸா' படத்தின் முடிவில் அது வருகிறது. ஹோட்டலில் பாட்டு வேலைக்கு வந்திருக்கிறான் த்ஸோய். நிர்வாகி அம்மாள் விதிமுறைகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். அவள் வாசித்துக்கொண்டே இருக்க, இவன் எழுந்து மேடைக்குப் போய்ப் பாடத் தொடங்குகிறான். பார்த்தால், ஹோட்டல் கூடம் இருந்த இடத்தில் திறந்த வெளியில் கடல் போல ஜனக்கூட்டம். அன்றிலிருந்து அது அரசியல் கீதமாகிவிட்டது. மனசுக்குள் நேரவேண்டிய மாற்றத்தைப் பற்றிய பாட்டு அது என்று அவனோடு பழகியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், யார் கேட்கிறார்கள்? 2020 ஆகஸ்டில் மின்ஸ்க் நகரில் சர்க்கார் ஏற்பாடு செய்த ஒரு விழாவில் ஒலிபெருக்கிக்காரர்கள் இரண்டு பேர் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டுப் பத்து நாள் சிறைக்குப் போனார்கள். எழுதியவன் செத்து முப்பது வருஷத்துக்கு அப்புறம்.

1990 ஆகஸ்டு 15-ந் தேதி, லாட்வியாவில் துகும்ஸ் ஊருக்குப் பக்கத்தில் அவன் ஓட்டி வந்த மாஸ்க்விச் கார் எதிரே வந்த பஸ்ஸில் மோதியது. சக்கரத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான் என்பது விசாரணையின் முடிவு. உச்சியில் இருக்கும்போதே போனான், அதுவும் நல்லதுக்குத்தான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. தங்கள் அலமாரியில் இருக்கும் படம் கசங்கக்கூடாது என்பதுதான் இவர்கள் கவலை. நாற்பது வயசில் வழுக்கையும் தொப்பையுமாக அவன் அந்த ரயில் பாட்டு மாதிரி இன்னொன்று எழுதியிருந்தால் இவர்களுக்கு என்ன நஷ்டம்?

எழுதியிருப்பான் என்றே நினைக்கிறேன். அந்தக் கோடையில் அவன் பாடி வைத்த கடைசிப் பாட்டுகளில் 'குயில்' என்று ஒன்று உண்டு. காட்டில் குயில் எத்தனை தரம் கூவுகிறதோ அத்தனை வருஷம் ஆயுசு என்பது ருஷ்ய ஜனங்களின் பழைய நம்பிக்கை. த்ஸோய் குயிலிடம் ஆயுசைக் கேட்கவில்லை. இன்னும் எழுத வேண்டிய பாட்டுகளுக்குக் கணக்குக் கேட்டான். மைதானத்து வீரன் கேட்கிற கேள்வியல்ல அது.

அந்தப் பாட்டுகளில் அவன் குரல் நாடாவில் இருந்தது. கஸ்பார்யான், குர்யானவ், திஹமீரவ் மூவரும் உட்கார்ந்து, அந்தக் குரலுக்குப் பின்னால் கிதாரும் தாளமும் வாசித்துச் சேர்த்தார்கள். அட்டை முழுவதும் கறுப்பாக இசைத்தட்டு வந்தது. எத்தனையோ கச்சேரிகளில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தாளம் போட்டவர்கள். இந்த ஒரு தடவை பார்க்க எதிரே ஆள் இல்லை.