ஐந்து பேய், ஒரு டிக்கெட்

கன்னிவாடிப் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று பெரியவர்கள் மிரட்டுவதற்குக் காரணம் எளிது: கிளை பொசுக்கென்று முறிந்துவிடும், பிள்ளைகள் ஏறக்கூடாது. ஆனால் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு முருங்கை என்றாலே வேதாளம்தான். ஒரு ராஜா, அவன் தோளில் ஒரு பிணம், வரிசையாகக் கதைகள். பிரிட்டனில் அறுபது, எழுபதுகளில் வந்த திகில் ஆந்தாலஜி படங்களின் பலமும் ஓட்டையும் வேதாளத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

இந்த வகைக்குப் பேர் போன கம்பெனி அமிக்கஸ். நடத்தியவர்கள் மில்டன் சபாட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1965இல் வந்த ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ தொடங்கி 1974இன் ‘ஃப்ரம் பியாண்ட் தி கிரேவ்’ வரை ஏழு படங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து குட்டிக் கதைகள், அவற்றைக் கோக்க ஒரு வெளிக்கதை. பெரிய நடிகரிடம் சில நாள் கால்ஷீட் வாங்கினால் போதும், போஸ்டரில் ஐந்து முகம் போட்டுவிடலாம். நம் தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்கு வியாபாரத்துக்காகப் போட்டது என்றாலும் கலைக்கும் லாபம் கிடைத்தது. பயத்துக்கு ஆயுள் குறைவு. நம் பேய்ப்படம் இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பங்களாவுக்குள் ஒரு காமெடிப் பட்டாளத்தை இறக்குகிறோம். இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வைக்கிறோம். பேய்மேல் பரிதாபம் வந்துவிட்டால் பிறகு பயம் ஏது? இருபது நிமிடக் கதையில் இந்தச் சுற்றுவழி எல்லாம் கிடையாது.

1972இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’ படத்தின் மூன்றாவது கதையைப் பாருங்கள். குப்பை அள்ளிப் பிழைக்கும் கிழவர் கிரிம்ஸ்டைக். மனைவியை இழந்தவர், நாய்களும் தெருப்பிள்ளைகளும்தான் துணை. எதிர்வீட்டுப் பணக்காரர்களுக்கு அவரைத் தெருவைவிட்டு விரட்ட வேண்டும். காதலர் தினத்தன்று வந்த வாழ்த்து அட்டைகளை ஆசையாகப் பிரிக்கிறார், ஒவ்வொன்றிலும் வசவு. பீட்டர் குஷிங் இங்கே அழுது நடிக்கவில்லை. அட்டைகளைப் படிக்கப் படிக்க முகம் மெல்ல இறுகுகிறது, அவ்வளவுதான். 1971 ஜனவரியில் தம் மனைவியைப் பறிகொடுத்த குஷிங், அதே ஆண்டில் நடித்த வேடம் இது. பிற்பாடு கிரிம்ஸ்டைக் பிணமாக எழுந்துவருவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த அட்டைகள்தான் திகில்.

இவ்வளவு எழுதத் தெரிந்தவர்கள்தான் 1967இல் ‘டார்ச்சர் கார்டன்’ எடுத்தார்கள். அதில் ஒரு பியானோ பொறாமைப்பட்டுத் தன் எஜமானனின் காதலியைக் கொல்கிறது! சக்கரம் வைத்த பெட்டி ஓடிவந்து ஒரு பெண்ணைத் தள்ளுவதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து கதை என்றால் இரண்டு சொத்தையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளிக்கதை சொத்தையானால் மன்னிக்க முடியாது. முன்பின் தெரியாத சிலர் ரயில் பெட்டியிலோ நிலவறையிலோ மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் எல்லாரும் எப்போதோ செத்தவர்கள் என்று தெரிகிறது. அமிக்கஸ் மூன்று படங்களில் இதே முடிவைத் திருப்பிப் போட்டது. அதோடு தப்பு செய்தவனுக்குத் தண்டனை என்ற ஒரே தீர்ப்பு. தீர்ப்பு முன்கூட்டியே தெரிந்த வழக்கில் என்ன பதைப்பு?

வேதாளம் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கதை முடிந்ததும் அது ஒரு கேள்வி போடும். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு கதை முடிவிலும் கேட்பவனுக்கே ஆபத்து. பிரிட்டனில் இதற்குப் பக்கத்தில் வந்தது, அமிக்கஸுக்கு முன்பே 1945இல் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’. ஒரு கட்டடக் கலைஞர் ஒரு வீட்டுக்கு வருகிறார். அங்கிருக்கும் எல்லாரையும் கனவில் பார்த்திருக்கிறார். விருந்தினர்கள் கதை சொல்லச் சொல்லக் கனவு நெருங்கிவருகிறது. நடுவில் வரும் கோல்ஃப் கதை வெறும் தமாஷ். அதைக்கூட வெளிக்கதை தாங்கிவிடுகிறது.

தமிழிலும் முயற்சி நடந்தது. ஹரி சங்கர், ஹரீஷ் நாராயண் இருவரும் 2014இல் ‘ஆ’ எடுத்தார்கள்: பந்தயம் கட்டிப் பேயைத் தேடிப் போகும் நண்பர்கள், ஊர் ஊராகப் பேய்கள். பந்தயப் பணம் வெளிக்கதையை நகர்த்துகிறது, ஆனால் பயத்தைக் கூட்டவில்லை. 2018இன் ‘6 அத்தியாயம்’ வேறு வழியில் போனது. ஆறு இயக்குநர்கள், ஆறு கதைகள். முடிவுகளை மட்டும் நிறுத்திவைத்துப் படத்தின் கடைசியில் வரிசையாகக் காட்டினார்கள். துணிச்சலான யோசனைதான். ஆனால் முதல் கதையின் முடிவு வருவதற்குள் அதன் பதற்றம் ஆறிப்போகிறது. புதுமை வடிவத்தில் நின்றுவிட்டது.

அமிக்கஸ் படங்கள் ஏழையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ‘டெட் ஆஃப் நைட்’டை முழுதாகப் பாருங்கள், கிரிம்ஸ்டைக் கதையைத் தனியாகப் பாருங்கள். தமிழில் அடுத்து யாராவது திகில் ஆந்தாலஜி எடுக்கப் போகிறார்கள் என்றால், கதைகளுக்கு இயக்குநர்களைப் பிடிக்கும் முன் வெளிக்கதைக்கு ஒரு நல்ல எழுத்தாளரைப் பிடிக்கட்டும்.