ஆயிரம் கோடி: ஒரு தலைப்புச் செய்தியை வாசித்தல்

2022 ஆகஸ்ட். பாகூர் பேருந்து நிறுத்தத்தில் நடவு வேலை முடித்துத் திரும்பிய ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, டோலோ மாத்திரைக்காக டாக்டருங்களுக்கு ஆயிரம் கோடி குடுத்தாங்களாமே, டீக்கடையில பேப்பர் படிச்சாங்க. அப்போ இத்த போடலாமா, வேணாமா?" என்னிடம் பதில் இல்லை. அன்று காலை நான் படித்த செய்தியிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

வில்லியனூர், பாகூர் பக்கத்தில் டோலோ என்பது காய்ச்சல் மாத்திரைக்கே பெயராகிவிட்டது. பாரசிட்டமால் என்ற மருந்தின் பெயரை ஒரு கம்பெனியின் சரக்குப் பெயர் விழுங்கியிருக்கிறது. இந்த விழுங்கல் எப்படி நடந்தது என்பதைத்தான் செய்தி சொல்லியிருக்க வேண்டும். அது சொன்னதோ ஒரு எண்ணை. அந்த எண் எங்கிருந்து புறப்பட்டு எப்படி உருமாறியது என்று பார்ப்போம்.

2022 ஜூலை 6 அன்று பெங்களூரைச் சேர்ந்த மைக்ரோ லேப்ஸ் நிறுவனத்தில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. ஒரு வாரம் கழித்து மத்திய நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மருந்துக் குழுமம் தன் தயாரிப்புகளை முன்னிறுத்த மருத்துவர்களுக்குப் பயணச் செலவு, பரிசு என்று கொடுத்த இலவசங்களின் மதிப்பு சுமார் 1000 கோடி ரூபாய் என்றது அது. அறிக்கையில் நிறுவனத்தின் பெயர் இல்லை. டோலோ என்ற சொல்லும் இல்லை. 1000 கோடி என்பது ஒரு மதிப்பீடு; நிரூபணமான தொகை அல்ல.

ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றத்தில், மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்தியக் கூட்டமைப்பு தொடுத்திருந்த பொதுநல வழக்கில், வழக்கறிஞர் இதே எண்ணை டோலோவோடு இணைத்துப் பேசினார். கொரோனா வந்தபோது தனக்கும் அதே மாத்திரையே தரப்பட்டதாக நீதிபதி சந்திரசூட் சொன்னார். போதாதா? மறுநாள் குழுமம் மறைந்தது, மற்ற மருந்துகள் மறைந்தன, 'மதிப்பீடு' என்ற சொல் மறைந்தது. டோலோவும் ஆயிரம் கோடியும் மிஞ்சின.

நிறுவனம் மறுத்தது. கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டிலேயே டோலோவின் விற்பனை 350 கோடிதான், அதற்கு எப்படி 1000 கோடி செலவழிக்க முடியும் என்று கேட்டது. கணக்குத் தெரிந்த எவரும் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பிறகு இந்தியன் பார்மாசூட்டிகல் அலையன்ஸின் நெறிமுறைக் குழு, ஒரே ஆண்டில் ஒரே மருந்துக்கு 1000 கோடி என்பது சரியல்ல என்று அறிக்கை தந்தது. 'குற்றமற்றது' என்று சில இடங்களில் செய்தியானது. அந்த அலையன்ஸ் மருந்து நிறுவனங்களே நடத்தும் சங்கம் என்பதை வாசகருக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?

தோழர்கள் சிலர் இங்கே முகம் சுளிக்கலாம். 'கம்பெனிக்காரனுக்கு வக்காலத்தா?' இல்லை. அப்போது நாங்கள் அடித்த துண்டறிக்கையிலும் ஆயிரம் கோடி இருந்தது. அதை எழுதியவன் நான்தான். எண் பெரிதாக இருந்தால் கோபமும் பெரிதாகும் என்று நம்பினேன். நடந்தது வேறு. எண் தவறு என்றானதும், மருத்துவர்களுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமே பொய் என்பதுபோல ஆகிவிட்டது. மிகைப்படுத்திய குற்றச்சாட்டு, குற்றம் செய்தவருக்குத் தப்பிக்க வழி செய்து கொடுக்கிறது.

இத்தனைக்கும் மிகைப்படுத்தத் தேவையே இல்லாத வழக்கு ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜின்கோவிட் என்ற சத்து மாத்திரைக்காக மருத்துவர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப் என்று கொடுத்த சுமார் 4.7 கோடி ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்டது. 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இந்தச் செலவெல்லாம் கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகிறது என்பதையும் தீர்ப்பு பேசியது. இதில் யூகம் இல்லை; கொடுத்ததைக் கம்பெனியே கணக்கில் எழுதியிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இந்த வழக்கு ஞாபகம் இருக்கிறது? 4.7 கோடி தலைப்புக்கு ஆகாத எண்.

ஹெர்மனும் சாம்ஸ்கியும் 1988இல் செய்தியை வடிகட்டும் ஐந்து சல்லடைகளைப் பற்றி எழுதினார்கள். விளம்பர வருமானம் ஒன்று, அதிகாரபூர்வ மூலங்களைச் சார்ந்திருத்தல் இன்னொன்று. டோலோ கதையில் இரண்டாவது தெரிகிறது. வாரியம் சொன்னது, வக்கீல் சொன்னார், சங்கம் சொன்னது. மருந்துக்கடைக்கு யாரும் போகவில்லை. முதலாவது சல்லடையை 2024இல் பார்த்தோம். பதஞ்சலி வழக்கில், வெளியிட்ட மன்னிப்பு விளம்பரங்களின் அளவுக்கு இருந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. முழுப்பக்க விளம்பரங்களைக் காசு வாங்கி அச்சிட்ட பத்திரிகைகள் அந்தக் கேள்வியைத் தங்களையும் பார்த்துக் கேட்டுக்கொண்டனவா?

இரு தரப்புக்கும் தலா இரண்டு பத்தி ஒதுக்குவதை நடுநிலைமை என்கிறார்கள். மருந்துச் செய்தியில் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. மாத்திரையை விழுங்குகிறவர். குற்றச்சாட்டு எது, மதிப்பீடு எது, தீர்ப்பு எது என்று பிரித்துச் சொல்வது கம்பெனிக்குச் செய்யும் நியாயம். பெயரையும் தொகையையும் மறைக்காமல் அச்சிடுவது, ஆறு மாதம் கழித்து வழக்கு என்ன ஆனது என்று திரும்பப் போய்ப் பார்ப்பது வாசகருக்குச் செய்யும் நியாயம். இரண்டையும் பிரிக்க முடியாது. 2024 மார்ச்சில் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை, பரிசையும் வெளிநாட்டுப் பயணத்தையும் தடுக்கிறது. புகாரை விசாரிப்பதோ நிறுவனங்களின் சங்கத்துக் குழுதான். கண்காணிக்கிற வேலை ஆக, வெளியே இருப்பவர்கள் தலையில் விழுகிறது. சரியான எண்ணோடு அதைச் செய்ய நமக்கும் பழக்கம் வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் சுலபமானது. "மாத்திரை மேல கோளாறு இல்லம்மா, டாக்டர் சொன்ன அளவோட போடலாம். ஆனா டோலோன்னு கேக்காதீங்க, பாரசிட்டமால்னு கேளுங்க. சர்க்கார் ஆஸ்பத்திரியில சும்மாவே தர்றாங்க." மூன்று வரி. எந்தப் பத்திரிகையும் அச்சிட்டிருக்கலாம். எங்கள் துண்டறிக்கையிலும் அதற்கு இடம் இருந்தது.