வாரியலும் வியாக்கியானமும்

எங்கள் பக்கத்தில் துடைப்பத்துக்கு வாரியல் என்று பெயர். திருநெல்வேலிக்குத் தெற்கே எங்கே போனாலும் அதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சாமானைப் பற்றியது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அத்தையின் அடக்க ஆராதனையில் குருவானவர் அவளுடைய வாரியலை வைத்துப் பிரசங்கம் செய்தார். அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் கோவில் முற்றத்தைப் பெருக்கியவள். சனிக்கிழமை சாயங்காலம் வேப்பஞ்சருகை ஒதுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். குருவானவர் சொன்னார்: வாரியல் தன்னை அழுக்காக்கிக்கொண்டு வீட்டைச் சுத்தமாக்குகிறது, தேய்ந்து குட்டையாகிறது, வேலை முடிந்ததும் மூலையில் போய் நிற்கிறது, புகழைத் தேடுவதில்லை, நம் சகோதரியும் அப்படியே. கோர்வையான பிரசங்கம். பெண்கள் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. பின்னால் நின்ற ஒரு கிழவி மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், “பெருக்குனதுக்கு ஒரு நாளாவது கூலி குடுத்தாகளா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதை நான் முதலில் சம்பள விவகாரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் அது பாஷை பற்றிய கேள்வியும்கூட என்று பட்டது. ஒரு வாரியலைப் பாடமாக மாற்றுகிறபோது யாரிடமிருந்து எது பறிக்கப்படுகிறது? தினசரி வாழ்வில் தெய்வீகப் பாடம் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. அதன் மூல நூலிலேயே இருக்கிறது. ஆகவே அதை உபதேசியார்களின் மலிவான உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். பத்து வெள்ளிக்காசு வைத்திருக்கிறாள். ஒன்று தொலைந்துபோகிறது. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். இவ்வளவுதான். நான்கு சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே இதைச் சொல்கிறார். ஒரு காசு என்பது கிட்டத்தட்ட ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கதை முடிந்ததும் பாடமும் ஒட்டப்பட்டிருக்கிறது: மனந்திரும்புகிற ஒரே பாவியின் பொருட்டு தேவதூதர்கள் நடுவே உண்டாகும் சந்தோஷம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பாடத்தின் கொக்கி அந்தச் சந்தோஷத்தில் மட்டுமே மாட்டியிருக்கிறது. விளக்குக்கு அர்த்தம் சொல்லப்படவில்லை. வாரியலுக்கும் இல்லை. இருட்டான வீடு, தரையில் எங்கோ ஒரு காசு. விளக்கும் வாரியலும் இல்லாமல் எப்படித் தேடுவாள்? அவ்வளவுக்குத்தான் அவை அங்கே இருக்கின்றன. கூப்பிட்டு வந்த பெண்களை வெறும் வாயோடா அனுப்பியிருப்பாள்? கிடைத்த காசில் பாதி அதிலேயே போயிருக்கும். இந்த அசட்டுத்தனத்தைச் சரிக்கட்ட கதை சொன்னவர் முயலவில்லை. அவருடைய உவமைகளுக்கும் பிற்காலத் திருஷ்டாந்தங்களுக்கும் உள்ள தூரம் இதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

பிற்காலத்தார் என்ன செய்தார்கள்? 590 முதல் 604 வரை போப்பாக இருந்த மகா கிரகோரி இந்தக் கதைக்கு வியாக்கியானம் செய்திருக்கிறார். பெண் தேவ ஞானம். விளக்கு, மண் அகலில் எரியும் சுடர், மாம்சத்தில் வந்த தெய்வீகம். பத்தில் ஒன்பது காசுகள் தேவதூதர்களின் ஒன்பது வரிசைகள். தொலைந்த பத்தாவது மனிதன். எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர் படித்த லத்தீன் பிரதியில் வாரியலே இல்லை. பெருக்கினாள் என்பதற்கு லத்தீனில் ‘எவெர்ரித்’. பிரதி எடுத்தவன் யாரோ ஓரெழுத்தை மாற்றி ‘எவெர்தித்’ என்று எழுதிவிட்டான். அர்த்தம் வீட்டைக் கவிழ்த்தாள் என்று ஆகிவிட்டது. கிரகோரி அசரவில்லை. தன் குற்றத்தை எண்ணி மனிதனின் மனச்சாட்சி கலங்குவதே வீடு கவிழ்வது என்று எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் விக்ளிஃபின் ஆங்கிலப் பைபிளிலும் அந்தப் பெண் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு காசுக்காக வீட்டையே கவிழ்க்கிற பெண்ணை எந்தத் தெருவிலாவது பார்க்க முடியுமா? வீடு பெருக்கும் ஒருத்தியிடம் கேட்டிருந்தால் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும். வியாக்கியானத்துக்கு வாரியல் தேவைப்படவில்லை. அதனால் அது காணாமற்போனதும் தெரியவில்லை.

பன்யன் வேறு ஜாதி. ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில் செய்தவன். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை ஜெயிலில் கிடந்தவன். 1678ல் வந்த ‘மோட்சப் பிரயாண’த்தில் வியாக்கியானியின் வீடு என்று ஒரு இடம். ஒருநாளும் பெருக்காத கூடத்தை ஒருவன் பெருக்குகிறான். தூசி எழும்பிக் கிறிஸ்தியானுக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு பெண் வந்து தண்ணீர் தெளிக்கிறாள், தூசி அடங்குகிறது, பிறகு கூடம் சுத்தமாகிறது. கூடம் இருதயம், தூசி ஜென்ம பாவம், பெருக்குகிறவன் நியாயப்பிரமாணம், தெளிக்கிறவள் சுவிசேஷம். பட்டியல் கிரகோரியினுடையதைப் போன்றதுதான். ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. காரணம் அந்த மூச்சுமுட்டல். தெளிக்காமல் பெருக்கினால் என்ன ஆகும் என்பது பன்யனுக்குத் தெரியும். விடிகாலையில் வாசல் தெளிக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும். தண்டனைச் சட்டம் மட்டும் உள்ளே புகுந்தால் மனசு எப்படிப் புழுதி கிளப்பும் என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. வாரியலின் வேலையைக் கெடுக்காமல் அதை அர்த்தம் சுமக்கவைத்திருக்கிறான். (எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’, 1894ல் வந்தது, பன்யனைக் கம்பன் வழிக்குக் கொண்டுபோனது. பன்யனின் தெருத்தூசி அந்தக் காவியச் செழுமையில் கரைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

ராபர்ட் பாயில், பள்ளிக்கூடத்தில் ‘பாயில் விதி’ படித்தோமே அவரேதான், 1665ல் கண்ணில் படுவதிலெல்லாம் தியானம் செய்து ஒரு புத்தகம் போட்டார். சிப்பி தின்பதுகூட அதில் தியானப் பொருள். ஒரு சீமாட்டி இதைத் தனக்குப் படித்துக்காட்டும்படி ஜோனதன் ஸ்விஃப்டைப் பிடித்துக்கொண்டாள். ஸ்விஃப்ட் சலித்துப்போய், துடைப்பக்கட்டை பற்றித் தானே ஒரு தியானம் எழுதி நடுவில் சொருகிப் படித்தான் என்றும், அவள் அதை மெச்சிக் கேட்டாள் என்றும் ஒரு கதை உண்டு. 1710ல் அச்சான அந்தக் கேலியில், துடைப்பக்கட்டை தலைகீழாக நிற்கும் மரம், மனிதனும் அப்படியே. கேலி செய்யப்பட்டவர்கள் அதை உண்மை என்று நம்பியது எழுதியவனின் சாமர்த்தியம் மட்டுமில்லை. போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு அந்த வகை வந்து சேர்ந்திருந்தது.

ஜார்ஜ் ஹெர்பர்ட்டிடம் வரும்போதுதான் எனக்கு உண்மையான சங்கடம். நான் பெரிதும் மதிக்கும் கவி. அவர் இறந்த 1633லேயே வெளியான ‘ஆலயம்’ தொகுப்பில் ஒரு கவிதை, ஆண்டவனுக்காக என்று நினைத்து அறையைப் பெருக்கினால் அறையும் செயலும் உயர்ந்துவிடும் என்கிறது. எளிமையான, குற்றம் காண முடியாத கவிதை. இதில் வாரியல் எதற்கும் அடையாளமாக ஆக்கப்படவில்லை. பெருக்குவது பெருக்குவதாகவே இருக்கிறது. இருந்தும் அந்தக் கிழவியின் கேள்வி இங்கேயும் என்னை விடவில்லை. ஹெர்பர்ட் பிரபு குடும்பத்தவர், கேம்பிரிட்ஜில் சர்வகலாசாலைப் பேச்சாளராக இருந்தவர். அவர் அறையை யார் பெருக்கியிருப்பார்கள்? கவிதை பிறகு கீர்த்தனையாகித் தேவாலயங்களில் பாடப்பட்டது. எஜமானும் வேலைக்காரியும் ஒரே பெஞ்சில் உட்காராவிட்டாலும் ஒரே பாட்டைப் பாடியிருப்பார்கள். இருவருக்கும் அதே வரி ஒரே விஷயத்தையா சொல்லியிருக்கும்?

பாரிஸ் கார்மலைட் மடத்தில் சமையல்கட்டில் பல வருஷம் கிடந்த சகோதரர் லாரன்ஸை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். போரில் காயப்பட்டு நொண்டியவர், பின்னாளில் செருப்புத் தைத்தவர், 1691ல் இறந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே வெறுப்பு என்று பதிவாகியிருக்கிறது. ஆம்லெட்டை ஆண்டவன் பேரில் திருப்பிப்போடுகிறேன் என்று சொன்னவர். சட்டி இன்னது, நெருப்பு இன்னது என்று அர்த்தம் சொல்லவில்லை. ஹெர்பர்ட் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார். ஆனால் கரண்டி இவர் கையில் இருக்கிறது; வெறுப்பும் இவருடையது. அந்த வெறுப்பை ஒளிக்காததால் அந்த வாக்கியத்தை நம்ப முடிகிறது.

குருவானவரைக் குறைசொல்லி இதோடு நிறுத்திக்கொள்வது சுலபம். ஆனால் நம்முடைய புதுக்கவிதை என்ன செய்துகொண்டிருக்கிறது? ஜன்னலில் குருவி உட்கார்ந்தால் அது தனிமை. குழாய் சொட்டினால் காலம். சுவரில் விரிசல் கண்டால் சிதைந்த பிரக்ஞை. பாவம், மீட்பு என்ற சொற்களுக்குப் பதில் வேறு சொற்கள் வந்திருக்கின்றன. சாமானை விழுங்கிவிட்டு அர்த்தத்தை ஏப்பம் விடும் முறை மாறவில்லை. நானே வாரியல் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். அதில் அது குப்பையை இடம்மாற்றுவதே சரித்திரம் என்று உணர்த்தியது. நண்பர்கள் பாராட்டினார்கள். அத்தை அப்போது உயிரோடிருந்தாள், படித்துக்காட்டினேன். “ஈர்க்கு வாரியலா, பூ வாரியலா?” என்று கேட்டாள். முற்றத்துக்கு ஒன்று, உள்வீட்டுக்கு ஒன்று. என் கவிதையில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெருக்கிக் கூட்டிய குப்பையை அள்ளுவதற்குமுன் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் ஒருதரம் கிளறிப் பார்ப்பாள். எப்போதோ ஒரு கம்மல் திருகாணி தொலைந்து, ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பெருக்கிக் கடைசியில் குப்பைக்குள் கண்டெடுத்தாளாம். அன்றைக்குத் தொற்றிக்கொண்டது. கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்காரிகளை எழுப்பிச் சொல்லியிருக்கிறாள். “அந்நேரத்துல கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடிச்சோம்ல” என்று சொல்லிச் சிரிப்பாள். பின்னால் நின்று கூலி கேட்ட கிழவியும் அந்தக் காப்பி குடித்தவர்களில் ஒருத்தி. பிரசங்கம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போது இது எனக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.