தானத்து மாட்டின் பல்

1

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்றொரு பழமொழி. நாமெல்லோரும் கேட்டு வளர்ந்தது. காசு கொடுத்து மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான். வயசு தெரியணும், ஏர் பூட்டினால் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போடணும். இனாமாக வாங்குகிறவன் அதைச் செய்யக் கூடாது. கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மாட்டின் வாயைத் திறக்காதே என்று சொல்வதுபோலத் தோன்றினாலும், இந்தப் பழமொழி மூடச் சொல்வது வாங்குகிறவனின் வாயைத்தான்.

கோயில் அன்னதானம், தர்மசாலை, கஞ்சித்தொட்டி, சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, அம்மா உணவகம் என்று பசிக்கு எதிராக நம்மிடையே இருக்கிற எல்லா ஏற்பாடுகளையும் இந்தப் பழமொழியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. எத்தனை பேருக்குச் சோறு போடுகிறார்கள் என்று கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'சோறு குழைஞ்சிருக்கு', 'இன்னைக்கு முட்டை எங்கே' என்று சாப்பிடுகிறவர் அங்கே கேட்க முடிகிறதா? கேட்டால் மறுநாளும் அவருக்கு அங்கே இலை உண்டா?

உள்ளூரில் பசிக்கு எதிராக வேலை செய்கிற ஓர் அமைப்பை எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் எப்படி ஆதரிப்பது என்ற கேள்விக்கு இந்த இடத்திலிருந்துதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். ரசீது வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதோடு ஆதரவு முடிந்துவிடுவதில்லை.

2

திருவெள்ளறையிலிருந்து தொடங்குகிறேன். திருச்சியிலிருந்து துறையூர் போகிற சாலையில், மண்ணச்சநல்லூர் தாண்டி இருக்கிற ஊர். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. பக்கத்தில் சமயபுரம். அங்கே மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும்தான் அவளுக்கு. தெற்கே கொள்ளிடம் தாண்டினால் சீரங்கம். 2012 செப்டம்பரில் பழனியோடு சேர்த்து அரங்கநாதர் கோயிலிலும் நாள் முழுக்க அன்னதானம் தொடங்கப்பட்டது. அரிசி அரைபடுகிற ஊர், தெய்வம் பட்டினி கிடக்கிற ஊர், பந்தி நடக்கிற ஊர் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். விளைச்சல் இல்லாததால் பசி என்கிற விளக்கம் இந்த வட்டாரத்தில் எடுபடாது. அமர்த்தியா சென் வறுமையும் பஞ்சங்களும் பற்றிய தன் நூலில் (1981) சொன்னதும் இதுதான்: சோறு இல்லாததால் பட்டினி வருவதைவிட, இருக்கிற சோற்றின்மீது உரித்து இல்லாததால்தான் பட்டினி வருகிறது.

திருவெள்ளறையில் பிறந்தவராக வைணவ மரபு சொல்லும் ஆசாரியர்களில் ஒருவர் உய்யக்கொண்டார், நாதமுனிகளின் சீடர். இயற்பெயர் புண்டரீகாட்சர், ஊர்ப் பெருமாளின் பெயர். அவருக்கு 'உய்யக்கொண்டார்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு குருபரம்பரை மரபில் ஒரு கதை உண்டு. நாதமுனிகளின் மனைவியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை இவருக்கு. போன இடத்தில், இவர் சோழியர் என்ற உட்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், பழைய சோற்றைப் போடுகிறார்கள். அவர் முகம் சுளிக்காமல் மகிழ்ச்சியோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். விஷயம் தெரிந்து குரு உருகிப்போய் 'நம்மை உய்யக்கொண்டீரோ' என்கிறார். பெயர் நிலைத்துவிட்டது.

மரபு இந்தக் கதையைச் சீடனின் பணிவுக்கு எடுத்துக்காட்டாக வாசிக்கிறது. அந்த வாசிப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரதியை வேறு பக்கத்திலிருந்தும் புரட்டலாம். இரண்டு பார்ப்பன உட்பிரிவுகளுக்கு இடையிலேயே சுடுசோறு யாருக்கு, பழையது யாருக்கு என்ற கணக்கு இருந்திருக்கிறது என்றால், அந்த வீட்டுக் கொல்லைக்கு வெளியே நின்றவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர்களுக்கு ஒரு கதையும் இல்லை, பெயர்க் காரணமும் இல்லை. அடுத்தது, குறை சொல்லாமல் சாப்பிட்டதற்காக ஒருவருக்குப் பட்டம் கிடைக்கிறது. 'எனக்கு மட்டும் ஏன் பழையது?' என்று அவர் கேட்டிருந்தால்? கேட்காதவர் ஆசாரியர் ஆகிறார். கேட்கிறவருக்கு நம்முடைய கதையாடலில் 'நன்றி கெட்டவன்' என்ற இடம் தயாராக இருக்கிறது. 'ஓசிச் சோத்துல உப்பு இல்லேன்னானாம்' என்று இன்றைக்கும் கேலி பேசுகிறோமே, அந்தச் சொல்லாடல்தான் இது.

3

கொடுப்பவரின் பக்கம் வருவோம். 'மணிமேகலை'யில் அமுதசுரபி மணிமேகலைக்கு முன்னால் ஆபுத்திரனிடம் இருந்தது. தாய் கைவிட்ட பிள்ளை. பசு பாலூட்டி வளர்ந்தவன். வேள்விப் பசுவை விடுவித்ததற்காகப் பார்ப்பனர்களால் அடித்து விரட்டப்பட்டவன். மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அவன் எல்லோருக்கும் போடுகிறான். இந்திரன் வந்து வரம் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் சிரித்து அனுப்பிவிடுகிறான். இந்திரனின் பழிவாங்கல் வேடிக்கையானது. மழையைப் பெய்ய வைக்கிறான். பாண்டிய நாடு செழிக்கிறது. பசியென்று யாரும் வருவதில்லை. பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைகிற ஆபுத்திரனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பஞ்சம் பிடித்த சாவகத்துக்காவது போகலாம் என்று கப்பல் ஏறி, மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாநோன்பிருந்து உயிரை விடுகிறான்.

எல்லோருடைய பசியும் தீர்வது கொடுப்பவனுக்குத் தண்டனையாகிறது! கொடையைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதியபோது, திருப்பிக் கொடுக்க முடியாத கொடை வாங்குகிறவரைத் தாழ்த்தும் என்றார். சாத்தனார் மறுபக்கத்தைக் காட்டிவிட்டார்: வாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் கொடுப்பவர் இல்லாமல் போகிறார்.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இது பழங்கதை இல்லை என்று தெரியும். 1967இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகளில் விற்காமல் மிஞ்சிய நல்ல உணவு வீணாகாமல் பசித்தவருக்குப் போகட்டும் என்பது நோக்கம். எண்பதுகளில் ரீகன் அரசு நலத்திட்டங்களை வெட்டியபோது இந்த வங்கிகள் நாடெங்கும் பெருகின. சமூகவியலாளர் ஜேனட் பாப்பன்டீக் 1998இல் வெளியான தன் நூலில் இதை விசாரித்தார். தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. தன்னார்வத் தொண்டர்களின் நல்ல மனசு, அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு மறைப்பாகிவிட்டது என்பது அவர் வாதம். மிஞ்சியதைத் தருகிற இடத்தில் 'எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்' என்று எப்படிக் கேட்பது?

4

தமிழ்நாட்டின் வரலாறு இந்த இடத்தில் கொஞ்சம் வேறு பாதையில் போயிருக்கிறது. நாமே அதைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் வருத்தம்.

வள்ளலார் 1867 மே மாதம் வடலூரில் மூட்டிய அடுப்பிலிருந்து தொடங்கலாம். சாதி பாராமல், தகுதி பாராமல் சோறு. பத்தே வருஷத்துக்குள் வந்த 1876-78 பஞ்சத்தில், காலனி அரசு பசித்தவரைச் சந்தேகத்தோடு பார்த்தது. ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்கிறவருக்குத் தானியத்தை நாளைக்கு ஒரு ராத்தலாகக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்பிழைக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். ஒரு பக்கம் கேள்வி கேட்காத அடுப்பு, மறுபக்கம் உடம்பை எடைபோடும் அரசு. நம்முடைய நவீனப் பசி வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொடங்குகிறது.

1920இல் நீதிக்கட்சிக்காரரான தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிய திட்டத்தில் செலவின் ஒரு பகுதியை ஊர்மக்கள் நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதாவது பாதி தானம், பாதி திட்டம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம்ம திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். தன்னுடைய சிறுவயதுப் பட்டினியை அவர் அதற்குக் காரணமாகச் சொன்னார். வள்ளல் பிம்பம் அதில் முழுசாக இருந்தது. ஆனால் ஒரு தட்டு தினமும், சட்டப்படி, எல்லாப் பிள்ளைக்கும் வர ஆரம்பித்தால் வள்ளலின் முகம் தேய ஆரம்பிக்கிறது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தந்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, தர வேண்டியதைத் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிற அளவுக்குப் போனது. தானத்தில் இப்படி ஒரு விதி இருக்க முடியுமா? 'நேத்து அன்னதானம் போடலை, காசு குடு' என்று யாராவது கேட்க முடியுமா?

ரேஷன் கதையும் இதுதான். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று ஜனங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைக் கடைவாசலில் போட மறுத்தது. வாத்தியாரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நின்றால், புழுத்த அரிசிக்கு வாத்தியாரும் சத்தம் போடுவார். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய பண்டம் ஏழைப் பண்டமாகவே ஆகிவிடும். 2013இல் வந்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு ரூபாய்தான். இட்லியின் அடக்க விலைக்கு அது போதாது. 'சாம்பார் தண்ணியா இருக்கு' என்று சொல்லும் துணிச்சலுக்குப் போதும்.

சத்துணவில் பல்லி, முட்டை அழுகல், அரிசியில் வண்டு என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் நம் நடுத்தர வர்க்க நண்பர்கள் 'இலவசத் திட்டம்னாலே இப்படித்தான்' என்கிறார்கள். நான் அதை எதிராக வாசிக்கிறேன். செய்தி வருகிறது என்றால் யாரோ பல்லைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். கொடையில் இந்தக் குறைகள் இல்லாமல் இல்லை. அங்கே செய்தி வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு மனமில்லை. திருவெள்ளறையில் தந்திவர்மப் பல்லவன் காலத்துக் கிணறு ஒன்று உண்டு. ஸ்வஸ்திகம் மாதிரி நான்கு பக்கமும் வளைந்து இறங்குகிற படிகள். ஒரு துறையில் இறங்குகிறவரை மறு துறையில் இறங்குகிறவர் பார்க்க முடியாது. தண்ணீர் ஒன்று, வழி நான்கு. நம்முடைய பொதுச்சோறு பல இடங்களில் இந்தக் கிணறு மாதிரித்தான் இருக்கிறது. திருச்சி வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924-25இல் தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. நூறு வருஷம் ஆகிவிட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல், காமராசர் அடுப்பு மூட்டிய அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே பல்லைப் பார்க்கிற உரிமையைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 'சோறு வேகலை' என்பது குறை. 'அவ சமைச்சது வேண்டாம்' என்பது சாதி. முன்னதை எழுதி வாங்கணும், பின்னதை எதிர்த்து நிற்கணும்.

5

'பசிச்சவன்கிட்ட உரிமை பேசினா வயிறு நிறையுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நிறையாது. 2020 ஊரடங்கில் சமைத்துக் கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் நடந்தே ஊருக்குப் போனவர்கள் பலர் வழியிலேயே விழுந்திருப்பார்கள். வேலை போன நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் திறந்த கஞ்சித்தொட்டிகள் சோறும் போட்டன, கோரிக்கையும் வைத்தன. கஞ்சித்தொட்டி என்ற சொல்லே நம் ஊரில் போராட்டத்தின் பெயராகிவிட்டது. நான் கேட்பதும் அந்த இரண்டாவது காரியத்தைத்தான்.

ஆகவே உள்ளூர் அடுப்புகளை ஆதரிப்போம். அரிசி கொடுப்போம், காசு கொடுப்போம், காய் நறுக்கவும் போவோம். கூடவே சிலவற்றைக் கேட்போம். வரவு செலவு வாசலில் எழுதிப் போடப்பட வேண்டும். இலையில் உட்கார்ந்திருப்பவர்களைப் புகைப்படம் எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு. சமைக்கிறவருக்குச் சம்பளம் உண்டா, எவ்வளவு என்று தெரிய வேண்டும். (சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை வருஷமாகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஊருக்குச் சோறாக்குகிறவரின் வீட்டு அடுப்பைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம்?) ஒரு குறிப்பேடு தொங்க வேண்டும், அதில் சாப்பிட்டவர் குறை எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் எழுதிக்கொள்ள ஆள் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தினமும் பந்திக்கு வருகிற ஒரு கிழவிக்கு ஏன் தினமும் வர வேண்டியிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் விட்டுப்போயிருக்கலாம். வேலை செய்து தேய்ந்த விரலின் ரேகை கடைக் கருவியில் பதியாமல் திருப்பி அனுப்பியிருக்கலாம். முதியோர் உதவித்தொகை நின்றிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு உண்டு, ஒரு மேசை உண்டு, ஓர் அதிகாரி உண்டு. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதிக்கொடுப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். நாம் எழுதத் தெரிந்தவர்கள். கவிதையும் கட்டுரையும் எழுதுகிறோம். பந்தி நடக்கிற கூடத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து, காசு வாங்காமல் மனு எழுதித் தந்தால் என்ன? எழுதிய மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று அடுத்த வாரம் விசாரித்தால் என்ன?

அப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் பந்தியில் ஆள் குறையலாம். அது ஆபுத்திரனுக்கு நேர்ந்த மாதிரி நமக்கு நேர்ந்த தண்டனை ஆகாது. எத்தனை இலை விழுந்தது என்ற கணக்கோடு, எத்தனை பேர் இனி இங்கே வரத் தேவையில்லாமல் போனார்கள் என்ற கணக்கையும் வாசல் பலகையில் எழுதுவோம். திருச்சியில் இதைத் தொடங்க விரும்பும் தோழர்கள் எழுதுங்கள், பேசலாம்.