பெயருக்காக ஒரு போர்: முஹம்மது அலியை மீண்டும் வாசித்தல்

1971ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், வியட்நாம் போர்க்காலத்தில் படையில் சேர மறுத்த ஒரு குத்துச்சண்டை வீரருக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனையை ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தீர்ப்பில் பங்கேற்ற நீதிபதிகள் எண்மரும் அம்முடிவில் ஒன்றுபட்டனர். ஆயினும் அவ்வழக்கு சட்ட ஏடுகளில் இன்றளவும் ‘கிளே எதிர் ஐக்கிய அமெரிக்கா’ என்றே வழங்குகிறது. காசியஸ் கிளே என்ற பெயரை அவர் துறந்து அப்போது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் அவர் உதறிவிட்ட பெயராலேயே விடுவித்தது.

முஹம்மது அலியின் வாழ்வைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை அவருடைய கைவேகத்தையும் நாவன்மையையும் வியக்கின்றன; பிற்காலத்து நோயைக் கண்டு இரங்குகின்றன. இவ்வியப்பும் இரக்கமும் சேர்ந்து, ஒரு காலத்தில் தன் நாட்டையே கலங்கடித்த மனிதரை யாருக்கும் இடர் தராத ஒரு நினைவுச்சின்னமாக மாற்றிவிட்டன. அந்நினைவைக் கலைத்து அவரை மீண்டும் வாசிக்க, ‘பெயர்’ என்பதே தக்க திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. அவருடைய பெருமையும் பிழையும் அந்த ஒரு சொல்லிலேயே சந்திக்கின்றன.

1942 ஜனவரி 17 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்த அவருக்குத் தந்தையின் பெயரே இடப்பட்டது. அப்பெயரின் மூலவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைமுறையை எதிர்த்த ஒரு வெள்ளையர். எனவே அதனை அடிமைப் பெயர் என்று அலி ஒதுக்கியதில் ஒரு முரண் உண்டெனச் சிலர் சுட்டுவர். மேலோட்டமாகப் பார்த்தால் அது சரியே. ஆனால் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அடிமை ஒழிப்பை நாடிய ஒருவரின் பெயரேயாயினும், அது கறுப்பின மக்கள் தம் மூதாதையரிடமிருந்து பெற்ற பெயர் அன்று. நல்லவர் ஒருவரின் பெயராயினும் இரவல் பெயர் இரவலே என்பதுதான் அவர் எழுப்பிய வாதத்தின் உட்பொருள்.

1964 பிப்ரவரி 25 அன்று சோனி லிஸ்டனை வென்று உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றபின், தாம் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பைச் சார்ந்தவர் என்பதை அவர் வெளிப்படையாக உறுதிப்படுத்தினார். மார்ச் 6 அன்று அவ்வமைப்பின் தலைவர் ஏலைஜா முஹம்மது அவருக்கு முஹம்மது அலி என்ற பெயரை அறிவித்தார். இவ்விடத்தில் நம் எழுத்தாளர்கள் பலர் அவசரப்பட்டுவிடுகின்றனர். 1964இல் அலி இஸ்லாத்தைத் தழுவினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அமைப்பின் நிறுவனரை இறைவனின் மனித வடிவம் என்றும், ஏலைஜாவை இறைத்தூதர் என்றும் கொண்ட ஒரு கொள்கை, தவ்ஹீதுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நபித்துவத்துக்கும் முற்றிலும் மாறானது. அதனை மறைத்து எழுதுவது அலிக்குச் செய்யும் மரியாதை ஆகாது; அவர் நடந்துவந்த தொலைவை நாமே குறைத்துவிடுவதாகும்.

அத்தொலைவின் முதற்கட்டமே துயரமானது. பெயர் அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாள், அலியை அவ்வமைப்பின்பால் ஈர்த்தவர்களுள் முதன்மையான மால்கம் எக்ஸ் அதிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தார். அவ்வாண்டே ஹஜ்ஜை நிறைவேற்றி, நிற வேற்றுமை அற்ற உம்மத்தைக் கண்டு திரும்பும் வழியில் மே மாதம் கானா நாட்டில் அலியை அவர் எதிர்ப்பட்டார். அலி முகங்கொடுக்கவில்லை. 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் கொல்லப்பட்டார். மெய்யான இஸ்லாத்தை முன்னே சென்று கண்ட நண்பருக்கு, முஹம்மது என்ற பெயரை ஏற்றவர் புறமுதுகு காட்டிய காட்சி அது. அலி 1972இல் ஹஜ் செய்தார். 1975இல் ஏலைஜா மறைந்தபின் அவருடைய மகன் வாரிஸ் தீன் முஹம்மது தம் மக்களை சுன்னத் வல் ஜமாஅத்தின் பாதைக்குத் திருப்பியபோது உடன் சென்றார். மால்கமைக் கைவிட்டதைத் தம் வாழ்வின் பெரும் வருத்தங்களுள் ஒன்றாக 2004இல் வெளியான தம் நூலில் ஒப்புக்கொண்டார். பெயர் ஒரே நாளில் கிடைத்தது. அதன் பொருளைச் சென்றடையப் பதினோராண்டுகள் வேண்டியிருந்தன.

போர் மறுப்பைப் பற்றியும் துல்லியமாகப் பேச வேண்டியுள்ளது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரப் படைச்சேர்ப்பு நிலையத்தில் ஓரடி முன்வைக்க அவர் மறுத்தார். உடனே குத்துச்சண்டை உரிமமும் பட்டமும் பறிபோயின. ஜூன் மாதம் ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டுக் காலம் முழுவதும் அவர் பிணையில் வெளியே இருந்தார் எனினும், 1970 அக்டோபர் வரை மூன்றரை ஆண்டுகள் களம் அவருக்கு மூடியே கிடந்தது. ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. உச்ச நீதிமன்றமோ அவருடைய கொள்கையை வாழ்த்தி விடுவிக்கவில்லை. எல்லாப் போரையும் எதிர்த்தல், அதற்கு மார்க்கமே அடிப்படையாதல், உளத்தூய்மை ஆகிய மூன்றுமே அவரிடம் இல்லை என்று முன்பு நீதித்துறை அமைச்சகம் பரிந்துரைத்திருந்தது. பின்னர் அரசுத் தரப்பே பிந்திய இரண்டும் அவரிடம் உண்டென ஒப்புக்கொண்டது. மேன்முறையீட்டு வாரியம் எந்தக் காரணத்தால் அவரை மறுத்தது என்பதைப் பதிவு செய்யாததால் தண்டனை நிற்க இயலவில்லை. ஒரு நாடு தன் மனச்சான்று விழித்து அவரை ஏற்றுக்கொண்டது என்ற பிற்காலக் கதைக்கு இத்தீர்ப்பில் இடமில்லை. விலை முழுவதையும் அவரே செலுத்தினார்.

இனி அவருடைய நிழற்பக்கம். 1967 பிப்ரவரியில் தம்மைப் பழைய பெயரால் அழைத்த எர்னி டெரெல்லைப் பதினைந்து சுற்றுகள் அடித்தவாறே, தம் பெயர் என்னவென்று அலி மீண்டும் மீண்டும் கேட்டார். கேள்வி நியாயமானது; கேட்ட முறை கொடுமையானது. அதனினும் கனமானது ஜோ ஃப்ரேசியருக்கு இழைத்த தீங்கு. களம் மறுக்கப்பட்ட காலத்தில் அலி மீண்டும் உரிமம் பெறக் குரல் கொடுத்தவர் ஃப்ரேசியர். அவரையே வெள்ளையரின் ஏவலாள் என்றும், 1975 மனிலா போட்டியின்போது கொரில்லா என்றும் உலகறிய இகழ்ந்தார் அலி. தம் பெயரைச் சரியாகச் சொல்லுமாறு உலகத்தை வற்புறுத்தியவரே, தம்மைப் போன்ற மற்றொரு கறுப்பினத்தவருக்கு இழிபெயர் சூட்டினார். பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் இகழ்வதை சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் விலக்கியிருப்பதை அறிந்த வாசகர், இதனை வெறும் விளம்பரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. 2001இல் அலி ஒரு நாளிதழ் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

அலியைச் சித்திரித்த படைப்புகளை மதிப்பிட இதுவே உரைகல். ரிச்சர்ட் டர்ஹம் துணையுடன் 1975இல் வெளிவந்த தன்வரலாறு, ரோம் ஒலிம்பிக்கில் வென்ற தங்கப்பதக்கத்தை நிறவெறியால் மனம் நொந்து ஒஹையோ ஆற்றில் எறிந்ததாகக் கூறுகிறது. பதக்கம் தொலைந்தே போயிற்று என்ற கூற்றே பின்னர் வலுப்பெற்றது. அந்நூல் வரலாற்றைவிடக் காவியத்தையே நாடியது எனலாம். மைக்கேல் மான் இயக்கி 2001இல் வந்த ‘அலி’ திரைப்படம் 1964இல் தொடங்கி 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வென்ற இரவோடு முடிகிறது. வெற்றியில் முடித்ததால் மனிலாவின் கசப்பு திரைக்கு வெளியே நின்றுவிட்டது. இவற்றோடு ஒப்பிட, அலியோடு அவருடைய எதிராளிகளையும் பேசவிட்ட தாமஸ் ஹாசரின் 1991ஆம் ஆண்டு நூலே நேர்மையானது. பிறருடைய காயங்களையும் பதிவு செய்வதால் அந்நூலில் அலி சிறுத்துவிடவில்லை, மனிதராகத் தெரிகிறார்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியா வந்ததும், அன்றைய மதராஸில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதும் நம்மவர் பலருக்கு நினைவிருக்கும். அப்பயணத்தின்போதே, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச அதிபர் கார்ட்டர் அவரை அனுப்பினார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறியை முன்னிட்டு 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா ஏன் துணை நிற்கவில்லை என்று தான்சானியாவில் கேட்டபோது அவரிடம் விடை இல்லை. யாருக்கும் அஞ்சாத அந்த நா, அதிகாரத்தின் சொற்களைச் சுமந்தபோது தடுமாறியது.

பின்னர் நோய் அந்நாவையே கட்டிப்போட்டது. 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அவர் பேச முடியாதபோதுதான் எல்லோரும் அவரைப் பாராட்டத் தொடங்கினர். ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த 2005 நவம்பரில், அப்போரைத் தொடுத்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கையால், போர் மறுத்தவருக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அளிக்கப்பட்டது. மறு ஆண்டு, அவருடைய பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமையில் எண்பது விழுக்காடு ஐந்து கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் சென்றது. எந்தப் பெயருக்காகப் பட்டத்தை இழக்கத் துணிந்தாரோ, அந்தப் பெயர் விலைச்சீட்டு பெற்றது.

ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2002இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் அவருக்கு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. மற்றவர் பெயர்கள் தரையில் இருக்க, அவருடையது மட்டும் சுவரில் பதிக்கப்பட்டது. தாம் சுமப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர். அதன்மீது எவர் காலும் படலாகாது என்பது அவர் விருப்பம். 2015 டிசம்பரில் முஸ்லிம்கள் அமெரிக்காவில் நுழைவதைத் தடுக்க வேண்டுமென்ற குரல் எழுந்தபோது, மறைவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், அதனைக் கண்டித்து அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. 2016 ஜூன் 3 அன்று அவர் காலமானார். ஜூன் 9 அன்று லூயிவில் நகரில் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது.

முஹம்மது அலி என்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணமான பெயர். பிறந்த ஏழாம் நாளில் பெரியவர்கள் சூட்டிவிடுகின்றனர். பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அதற்காக நாம் எதையும் இழக்க நேரவில்லை. அப்பெயரை இடையில் ஏற்று, அதன் பொருட்டு இழந்து, அதற்கு ஒவ்வாதனவும் செய்து, அவற்றுக்காகப் பின்னர் வருந்திய ஒருவரின் வாழ்வை, புகழுரையாக அன்றிக் கணக்காக வாசிக்கும்போது, இலவசமாகப் பெற்ற நம் பெயர்களுக்கு நாம் என்ன செலுத்தியிருக்கிறோம் என்ற வினா எஞ்சுகிறது.