சல்பைட்டு: ஈற்றசையும் சேர்ம வேறுபாடும்

தமிழ்நாட்டு, இலங்கை வேதியியல் கலைச்சொற்களை ஒப்பிடுவோர் கண்ணில் முதலில் படுவது 'கார்பன் டை ஆக்சைடு', 'காபனீரொட்சைட்டு' என்னும் இணை. பின்னது எண்ணடையைத் தமிழாக்கி, உயிர்முன் வரும் 'ஈர்' வடிவை ஆள்கிறது. க்ச மயக்கத்தை விலக்கித் தொல்காப்பியம் ஏற்கும் ட்ச மயக்கத்தைக் கொள்கிறது. மொழிமுதல் டகரமும் அதில் இல்லை. (ர்ப மயக்கமும் தொல்காப்பியத்திற்கு உடன்பாடே, 'காபன்' ரகரத்தை இழந்ததற்கு இலக்கணம் காரணமன்று.) எனினும், பிற சேர்மத்தினின்று வேறுபடுத்திக் காட்டுவதே சேர்மப் பெயரின் முதற்பணி. அவ்வகையில் எண்ணடையினும் ஈற்றசையே கருதத்தக்கது.

கந்தகம் மட்டும் அமைந்த எதிரயனி தமிழ்நாட்டு வழக்கில் 'சல்பைடு'; கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த எதிரயனி 'சல்பைட்டு'. முன்னது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். உயிரிடைத் தனி டகரமாதலின் ஒலிப்புடையது. பின்னது வன்றொடர், இரட்டித்த டகரமாதலின் ஒலிப்பற்றது. புணர்ச்சியும் இவ்வேறுபாட்டுக்குத் துணைநிற்கிறது: 'சல்பைடு கரைசல்' இயல்பாகும், 'சல்பைட்டுக் கரைசல்' வல்லினம் மிகும்.

இலங்கை வழக்கில் இவை முறையே 'சல்பைட்டு', 'சல்பைற்று' ஆகின்றன. இரண்டும் வன்றொடரே, வேறுபாட்டைத் தாங்குவன டகர, றகர இரட்டைகள். ஈழத்துப் பேச்சில் றகர இரட்டை தனியொலியாக நிலைத்திருப்பதால் அது செவிக்கும் எட்டுகிறது. 'காற்று' என்பது 'காத்து' ஆகிவிட்ட தமிழ்நாட்டுப் பேச்சுக்கு அம்முறை அவ்வாறே பொருந்தாது.

தத்தம் எல்லைக்குள் இரு முறைகளும் குறைவற்றவை. சிக்கல் அவை சந்திக்குமிடத்தில் எழுகிறது. 'சோடியம் சல்பைட்டுடன் நீர்த்த அமிலத்தைச் சேர்க்க' என்னும் தொடரைத் தமிழ்நாட்டு மாணவர் படித்தால் எதிர்பார்ப்பது கந்தக டை ஆக்சைடு. இலங்கை மாணவர் எதிர்பார்ப்பது ஐதரசன் சல்பைட்டு, அதாவது அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி. எழுத்தளவில் ஒன்றேயான சொல் ஈரயனிகளைச் சுட்டுவதைத் தூய்மை, கடன் என்னும் அளவுகோல்கள் காட்டித்தரா. இருநாட்டுச் சொற்களை ஒரே பட்டியலில் தொகுப்போர் எழுத்தொப்புமையை மட்டும் நம்பினால் பிழை உறுதி.

தமிழ்நாட்டு எழுத்தில் ஈற்றுகரத்தை நீக்கிச் 'சல்பைட்' என எழுதுவது இதனினும் கேடானது. குற்றியலுகர வகை, இரட்டிப்பு, வல்லினம் மிகுதல் ஆகிய மூன்றும் அங்கு ஒருசேர அழிகின்றன. சுட்டப்படும் அயனி எதுவென்று வாய்பாட்டைக் கண்டே தெளிய வேண்டியிருக்கிறது.