வன்னியில் மெய்ந்நிகர் வகுப்பறை: ஒரு மதிப்பீடு

ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் செவ்வையாகக் கொண்டாலும் அவன் எய்துவது புலமையிற் காற்கூறே என்பது நன்னூலார் கொள்கை. உடன் கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பர் பவணந்தியார். கற்பிக்குங் கருவி எதுவாயினும் இவ்வளவுகோல் கொண்டு அதனை மதிப்பிடல் தகும். இணையவழிப் பல்கலைக்கழகக் கல்விக்குரிய மெய்ந்நிகர் வகுப்பறை மென்பொருளும் இதற்கு விலக்கன்று.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அவற்றை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாகிய ‘லேர்ன்’ விரிவுரைகளுக்குச் சூம் மென்பொருளை வழங்கிற்று. வன்னியில், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்களும், 2021 ஓகஸ்ட் 1ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகமும் இம்மாற்றத்துக்கு உட்பட்டன. 2022இல் எரிபொருட் பற்றாக்குறையும் நெடிய மின்வெட்டும் நேர்ந்தபோது, இணையவழிக் கல்வியின் தேவையும் இடரும் ஒருங்கே வெளிப்பட்டன.

முதற் காற்கூறாகிய கேட்டலில் இம்மென்பொருள் செய்த நன்மை பெரிது. விரிவுரையைப் பதிவுசெய்து மூடில் தளத்தில் இட்டால், அலை தடைப்பட்ட மாணாக்கன் பின்னர்க் கேட்கலாம், மீண்டுங் கேட்கலாம். இருமுறை கேட்போன் நூலிற் பெரிதும் பிழைபடான் என்னும் நன்னூற் கருத்துக்கு இது துணையாகும்.

இரண்டாங் காற்கூறுக்கும் வழி உண்டு. மாணாக்கரைச் சிறு குழுக்களாகப் பிரித்து உரையாடச் செய்யும் வசதி சூமிலும், கனடாவின் காள்ற்றன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தோன்றிய பிக்புளூபட்டனிலும் அமைந்துள்ளது. பின்னையது திறந்த மூல மென்பொருள். விரிவுரைப் பக்கங்களை நிகழ்படமாகவன்றிப் படங்களாக அனுப்புவது. ஆதலின் மெலிந்த இணைப்புக்கு அது பெரிதும் இயைவது.

குறை விளங்குவது எஞ்சிய அரைக்கூறிலேயே. கைத்தொலைபேசி வலையமைப்பிற் பதிவிறக்கத்தினும் பதிவேற்றமே பொதுவாக மெலிவுடையது. கோபுரத்துக்குச் சேய்மையில் வாழும் மாணாக்கனுக்கு ஆசிரியர் குரல் எட்டும். அவன் குரல் ஆசிரியரை எட்டுதல் அரிது. கமராவும் ஒலிவாங்கியும் அணைக்கப்பட்ட நிலையிற் பெயர்கள் மட்டுமே திரையில் நிற்கின்றன. மென்பொருள் தரும் வரவுப்பட்டியல் இணைப்பை எண்ணுமேயன்றிக் கவனத்தை எண்ணாது. அவ்வெண்ணிக்கையைக் கற்பித்தலின் வெற்றியாகக் கொள்ளுதல், விதைத்த நெல்லை விளைந்த நெல்லாகக் கணக்கிடுதல் போலாம். மண்ணைக் கையாற் பிசைந்து அறியவேண்டிய விவசாய மாணவருக்கும், பொறியை இயக்கிப் பழகவேண்டிய பொறியியல் மாணவருக்கும் இக்குறை இருமடங்காகும்.

இக்குறை கருதிக் கருவியை ஒதுக்குதல் அறிவுடைமையன்று. அதனைப் பயன்படுத்தும் முறையே மாறவேண்டும். விரிவுரை முன்னரே பதிவுசெய்யப்பட்டு மாணாக்கர் கையிற் சேர்தல் வேண்டும். நேரலை வேளை ஆசிரியர் பேசுதற்கன்றி, மாணாக்கர் சிறு குழுக்களாய்க் கற்றதை விரித்துரைத்தற்கே ஒதுக்கப்படல் நன்று. அதுவும் நிகழ்படமின்றி ஒலியளவில் நடைபெறுமாயின் மெலிந்த இணைப்பும் அதனைத் தாங்கும். செய்முறைப் பாடங்கள் வயலிலும் ஆய்வுகூடத்திலுமே நிகழ்தல் வேண்டும்.

எத்தனை பேர் இணைந்தனர் என்பது மெய்ந்நிகர் வகுப்பறைக்கு உரைகல் ஆகாது. முல்லைத்தீவின் ஒரு மூலையில் மிக மெலிந்த அலையோடு அமர்ந்திருக்கும் மாணவி அன்று வாய்திறந்து ஒரு பொருளை விளக்கினாளா என்பதே உரைகல். அவள் பேசாத வகுப்பிற் கல்வி காற்கூறோடு நின்றுவிடும்.